யாரும் கிடைக்காவிட்டால் அக்காவுக்கு

என் தயாவுக்கு,

கடிதம் எழுதுகிற பழக்கம் நம் இருவருக்கும் இருந்ததில்லை. நீ ஹட்டனில், நானும் அம்மாவும் தலவாக்கலையில். சொல்ல வேண்டியதைப் போனில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். இன்று எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் வாசிக்கிற இடத்தில். உன்னைப் பற்றி ஒரு கதை இந்த மலை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பாதி உண்மை. மீதியை உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

நாம் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் லயத்தில், மழை அளக்க நீ கட்டிவைத்த போத்தலுக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும். போன வாரம் போனபோது, கழற்றுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

நீ எப்படிப் போனாய் என்பது உனக்குத் தெரிந்திருக்குமா? மஸ்கெலியாவில் ஒரு கோயிலின் இணையத்தளம் திறக்கவில்லை என்று யாரோ கூப்பிட, ஹட்டனில் பஸ் ஏறினாய். மடியில் கறுப்புப் பை. மஸ்கெலியாவில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து, "மாத்தயா, நெகிட்டின்ன" என்று சிங்களத்தில் சொல்லித் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். நீ எழும்பவில்லை. எந்த வளைவில் உன் நெஞ்சு நின்றது என்று யாருக்கும் தெரியாது. நாற்பத்திரண்டு வயது. அந்தக் கண்டக்டர் கருமாதிக்கு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார்.

கருமாதிக்கு முதல் நாள் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பாவுக்குச் செய்தபோது நீதானே கேலி பண்ணினாய். போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, விளக்கு வைத்து, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். அவர் தனியாக இருந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். "தட்டாமப் போனா அப்பா கோவிச்சுக்குவாரோ?" என்று என் காதுக்குள் கேட்டாய். நான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தப்பா அதை அழுகை என்று நினைத்தார்.

உனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தோம். பால் விடாத தேத்தண்ணீர், சீனி தனியாக. மாலை ஆறு மணி இருக்கும். பனி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தபோது மேக்கணக்கு ஜெயக்கொடி என் பக்கத்தில் வந்தாள். அங்கே கொழுந்து பறிக்கிறவள். நீ கட்டிய போத்தலைத் தினமும் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு நேரத்தில் பார்த்து, மழையின் அளவைப் போனில் மெசேஜாகப் போடுகிறவள். அளவு மீறினால், மண் சரியும் முன் இறங்கச் சொல்லி உன் கம்ப்யூட்டர் லயம் முழுக்க மெசேஜ் அனுப்பும்.

"இனி மழைக்கு என்னா பண்றது டீச்சர்? மெசேஜ் வருமா?" என்று கேட்டாள்.

"வரும். அவன் இல்லன்னாலும் அவன் கம்ப்யூட்டர் வேலை செய்யும்" என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆறுதலுக்குச் சொன்னேன்.

சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில், சாத்திய வீட்டுக்குள் என் போன் ஒருமுறை சத்தம் போட்டது. மெசேஜ் வரும் சத்தம். போனை உள்ளே அலமாரியில் விட்டிருந்தேன். அம்மா யாரையும் கேட்கவில்லை. தட்டவும் இல்லை. நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

போனை எடுத்துப் பார்த்தேன். "அக்கா, கதவைத் திற. நான் வெளியில நிக்கிறேன்."

அனுப்பியவர் பெயர் இல்லை, வெறும் எண்கள். நான் யாருக்கும் காட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள் நான். தற்செயலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அன்று எவ்வளவு விட்டும் போதவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தைகள் எனக்குப் பழக்கமானவை. பல வருடங்களுக்கு முன், ஒரு மழை நாள் பின்னேரம், இதே மெசேஜ் எனக்கு வந்தது. கதவைத் திறந்தால் நீ நின்றாய், நனைந்த கோழி மாதிரி, சட்டைக்குள் கம்ப்யூட்டரை ஒளித்துக்கொண்டு. "நான் அனுப்பல்லக்கா. நான் எழுதின கம்ப்யூட்டர் கோட் அனுப்பிச்சு!" என்று சொல்லி வாசலிலேயே குதித்தாய். அம்மா துவாயைக் கொண்டுவந்து உன் தலையில் போட்டுத் திட்டினாள்.

இரண்டாவது மெசேஜ் மார்ச்சில் வந்தது. நாலு மணிக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் போன் சத்தம் போட்டது. அதே வரி.

"யாரும்மா?" என்று கேட்டேன்.

"யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. இந்தப் பனியில ஒண்ணும் தெரியல."

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வந்த மெசேஜைப் பற்றி நான் சொன்னதும் இல்லை. ஒரு மாணவி இதை என்னிடம் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா பின்னேரத்தில் பத்து தடவை கதவைத் திறக்கிறார், போன் சத்தம் போட்ட ஒரு தடவையைத்தான் நீ நினைவில் வைத்திருக்கிறாய் என்பேன். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் மூன்றாவது வந்தது. அன்றும் கதவு முன்பே திறந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

உன் கூட்டாளி ரியாஸின் போன் கடையில் உன் நாற்காலி அப்படியே இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடுவதில்லையாம். கறுப்புப் பையையும் திறக்காமல் வைத்திருந்தான். "நீங்க வந்துதான் திறக்கணும்னு வச்சிருந்தேன் டீச்சர்" என்றான். நான் மூன்று மெசேஜையும் காட்டினேன். அவன் மூன்றையும் வாசித்தான். கடைக்கு வந்த ஒருவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு உன் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

அதில் 'துண்டுகள்' என்று ஒரு கோப்புறை. வாசிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள். இணையத்தளம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதுவதில்லை. ஒருமுறை எழுதிச் சரிவந்த கோட் வரிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். தளம் ஓடுகிற சேர்வர் கம்ப்யூட்டர் ஒன்றைப் புதிதாகத் தயார் பண்ண ஒரு துண்டு, தினமும் பிரதி எடுத்து வைக்க ஒரு துண்டு, சின்னப் போனிலும் பக்கம் ஒழுங்காகத் தெரிய ஒரு துண்டு, ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மெசேஜ் அனுப்ப ஒரு துண்டு. புது வேலை வந்தால் வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் நீ உனக்கே குறிப்பு எழுதி வைத்திருந்தாய். 'இது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியல, கை வைக்காதே.' 'காய்ச்சலோட எழுதினது, பிறகு பார்.' 'ரியாஸ் சொன்ன மாதிரி செய்யாதே.' இதை வாசித்துவிட்டு ரியாஸ் எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிவிட்டு வந்தான். வீட்டில் நீ இவ்வளவு பேசியதில்லை தயா.

மெசேஜ் அனுப்பும் துண்டைத் திறந்து, திரையில் விரல் வைத்து வரி வரியாகச் சொன்னான். அது தினமும் ஒருமுறை போய், பெயரும் போன் இலக்கமும் உள்ள பட்டியலைப் பார்க்கும். பட்டியல் கிடைத்தால் சரி, அனுப்ப வேண்டிய நாளில் எல்லோருக்கும் அனுப்பும். கிடைக்காவிட்டால் ஒரே ஒரு இலக்கத்துக்கு ஒரே ஒரு மெசேஜ் போகும். அந்த இலக்கம் என்னுடையது. அந்த மெசேஜ் நான் வாசித்தது. அதன் தலையில் உன் குறிப்பு: 'யாரும் கிடைக்கலன்னா அக்காவுக்கு.' அதை அனுப்பியதும் அந்தத் துண்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். நீ வந்து பூட்டை எடுக்கும் வரை அதன் பிறகு யாருக்கும் ஒன்றும் போகாது.

"டெஸ்ட் பண்ணப் போட்டது டீச்சர். எல்லாரும் போடுறதுதான். வேலை முடிஞ்சா அழிச்சிரணும். அழிக்க மறந்துட்டான்" என்றான் ரியாஸ்.

"மறந்துதான் போனானா?" என்று கேட்டேன். ரியாஸ் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான்.

பட்டியல் ஏன் கிடைக்காமல் போனது என்பதற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்காவிட்டால் துண்டுக்குப் பட்டியல் திறக்காது. அதைத் தானாகவே நடக்கச் செய்யலாமாம். நீ அந்த ஏற்பாட்டை நம்பாமல், நாள்காட்டியில் குறித்துவைத்து உன் கையாலேயே செய்து வந்திருக்கிறாய். கை போய்விட்டது. தளங்கள் ஒவ்வொன்றாக, தன் தன் தேதியில், பட்டியலைத் தொலைத்து, என்னை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு அடங்கின.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ கோபிப்பாய். இது ஒரு பிழை. இதற்கு ஒரு இடம் உண்டு, வரி எண் கூட உண்டு. திரும்பும் பஸ்ஸில் பல மாதங்களுக்குப் பிறகு தூங்கினேன்.

அந்த நிம்மதியில்தான் தவறு செய்தேன். அந்தத் துண்டை நீ நான்கு தளங்களில் ஒட்டியிருந்ததாக ரியாஸ் கண்டுபிடித்தான். ஒரு கோயிலின் திருவிழா அறிவித்தல், ஒரு டியூஷன் வகுப்பு, தோட்டத்து மரண உதவிச் சங்கம், மேக்கணக்கு மழை. சேர்வர்களின் பாஸ்வேர்ட் உன் தலையோடு போய்விட்டதால் உள்ளே போய்ப் பார்க்க வழி இல்லை. சேர்வரை வாடகைக்குக் கொடுத்த கம்பனிக்காரருக்கு எழுதிப் போட்டிருந்தான், பதில் வரவில்லை. மூன்று மெசேஜ் வந்திருந்தால் மூன்று தளங்கள் நின்றிருக்க வேண்டும். கோயில்காரரும் டியூஷன் பெற்றோரும் ஏற்கெனவே சத்தம் போட்டிருந்தார்கள். மூன்றாவது எது?

"மரணச் சங்கமாத்தான் இருக்கும் டீச்சர். அங்க இப்ப சாவு ஒண்ணும் இல்ல, அதான் யாருக்கும் தெரியல்ல. மழைன்னா மேக்கணக்குல இருந்து இந்நேரம் போன் வந்திருக்குமே."

நானும் சரி என்றேன். மழையே இல்லாத மாதங்கள் அவை. மழை இல்லாதபோது மழைத் தளம் பேசாமல் இருப்பதும், செத்துப்போய்ப் பேசாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். இதை நான் யோசித்திருக்க வேண்டும். ஜெயக்கொடிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. கிடைத்த காரணத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

ஜூனில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பாடசாலையை நேரத்தோடு விட்டார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அப்போது போன் சத்தம் போட்டது.

"அக்கா, கதவைத் திற. நான் வெளியில நிக்கிறேன்."

கதவு சாத்தியிருந்தது. அம்மா திறக்காத முதல் தடவை அது. நான் நாற்காலியில் இருந்தபடி அம்மாவைப் பார்த்தேன், அவள் அசையவில்லை. பிறகு எழுந்து போய் நானே திறந்தேன். வாசல்படிக்கு அப்பால் வெள்ளையாகப் பனி. யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். மழைத் தண்ணீர் என் கால் மீது விழுந்தபோதுதான் புத்தி வந்தது. நான்கில் மிஞ்சியிருந்தது மழை ஒன்றுதான்.

ஜெயக்கொடியின் போன் கிடைக்கவில்லை. தோட்டத்து ஒப்பீஸுக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். யோசிக்காமல் ஓடினேன் என்று நினைக்காதே. திம்புள்ளப் பக்கம் ஏறுகிற அந்த ரோட்டு முழுக்க, நான் செய்வது முட்டாள்தனமா என்று யோசித்துக்கொண்டுதான் போனேன்.

லயத்தில் எல்லோரும் வீட்டோடு இருந்தார்கள். புகை கூரையை விட்டு எழும்பாமல் கிடந்தது. ஜெயக்கொடி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். போத்தலில் தண்ணீர் நீ போட்ட சிவப்புக் கோட்டைக் காலையிலேயே தாண்டிவிட்டதாம்.

"பகலும் பார்த்தேன் டீச்சர். ரெண்டு தடவையும் போன்ல போட்டுட்டேன். மெசேஜ் வரல்ல. அப்ப பயமில்லன்னுதான் இருக்கோம்."

அந்த வார்த்தையை நான் இன்னும் விழுங்கவில்லை, தயா. நீ இருந்த காலத்தில் இரண்டு தடவை மெசேஜ் வந்தது, இரண்டு தடவையும் எங்கோ மண் இறங்கியது. அதனால் உன் மெசேஜை நம்பினார்கள். அதைவிட அதிகமாக, மெசேஜ் வராததை நம்பினார்கள்.

"மெசேஜ் இனி வராது. அது கெட்டுப்போச்சு" என்றேன்.

"அவரு இல்லன்னாலும் கம்ப்யூட்டர் வேலை செய்யும்னு நீங்கதானே டீச்சர் கருமாதி வீட்டுல சொன்னீங்க?" ஜெயக்கொடியின் புருஷன் குசினி வாசலில் நின்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

நான் விளக்கினேன். சான்றிதழ், பட்டியல், பூட்டு எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். நாலைந்து குடும்பம் வந்து மழையில் நின்று மரியாதையாகக் கேட்டது. யாரும் நகரவில்லை. முந்திய வருடம் யாரோ பயமுறுத்தி, கீழே பாடசாலை மண்டபத்தில் மூன்று நாள் கிடந்து, பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்ததாக ஒருத்தி சொன்னாள். "டீச்சர் சொல்றது சரிதான். தயாண்ணன் மெசேஜ் வந்தா உடனே இறங்கிருவோம்" என்றாள் இன்னொருத்தி. லயத்துக்குப் பின்னால் மலை இருக்கிறதா இல்லையா என்று கூடத் தெரியாத பனி.

ஜெயக்கொடி என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். "உங்களுக்காவது அவருகிட்டருந்து ஒண்ணும் வரலியா டீச்சர்?"

வந்தது பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். சற்று முன்புதானே அதை விளக்கினேன். நான் போனை அவளிடம் நீட்டினேன்.

அவள் எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தாள். "அக்கா... கதவைத் திற... நான் வெளியில நிக்கிறேன்." நிமிர்ந்து, "எப்ப வந்துச்சு?" என்றாள்.

"ரெண்டு மணிக்கு."

ஒருத்தி திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். வேறு ஒருவர் போய், சாத்தியிருந்த தன் கதவை மெதுவாகத் தள்ளித் திறந்தார். ஜெயக்கொடி என் போனைக் கையில் வைத்துக்கொண்டே லயத்தின் அந்த முனை வரை போனாள். "தயாண்ணன் வெளியில நிக்கிறாராம், எந்திரிச்சு வாங்க" என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னாள். உரத்துக்கூடச் சொல்லவில்லை. நான் தடுக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் பிள்ளைகளும் ஆடுகளும் மூட்டைகளுமாக லயம் காலியானது. கீழே இறங்கும்போது பலர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நான் அதே ஆட்டோவில் அம்மாவிடம் திரும்பினேன். காலை ஆறு மணிக்கு ஜெயக்கொடி பேசினாள். "டீச்சர், நம்ம பக்கம் இறங்கிருச்சு. எல்லாரும் இருக்கோம்." லயத்தின் மேல் முனையில் நான்கு காம்பரா வீடுகள் மண்ணுக்குள். அடுப்பில் இருந்த கேத்தலைக்கூட இன்னும் எடுக்க முடியவில்லை. ஆள் ஒருவரும் உள்ளே இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உன் படத்தைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து ரியாஸ் முன்னறிவிப்பில்லாமல் தலவாக்கலைக்கு வந்தான். சேர்வர்களுக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதாம். போனில் சொல்லாமல் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "காட்டணும் டீச்சர்" என்றான். கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, ஒவ்வொரு தளமும் எந்த நாளில் பூட்டிக்கொண்டது என்று காட்டினான். டியூஷன், ஏப்ரல். கோயில், மார்ச். மழைத் தளம் பூட்டிக்கொண்டது உன் கருமாதிக்கு முதல் நாள், மாலை ஆறு மணி தாண்டி. கம்ப்யூட்டர் வேலை செய்யும் என்று நான் ஜெயக்கொடிக்குச் சொல்லிக் கொஞ்ச நேரத்தில்.

அன்றிலிருந்து ஜூன் வரை அந்த லயத்துக்குக் காவல் இல்லை. அதைச் சொல்ல வந்த மெசேஜைத்தான் நான் யாருக்கும் காட்டாமல் மறைத்தேன்.

நான்காவது, மரண உதவிச் சங்கம். அது நிற்கவே இல்லை. உன் மரண அறிவித்தலையும் அதுதான் எல்லோருக்கும் அனுப்பியது, இன்றும் ஒழுங்காக ஓடுகிறது. அதற்கு மட்டும் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்து, அந்தத் துண்டின் தலையில் எழுதியிருந்தாய்: 'இத என் கையில விட வேணாம்.'

அப்படியென்றால் பார். தளங்கள் நான்கு. அதில் மூன்று நின்றன, மூன்று மெசேஜ் வந்தது. ஜூன் மாதம், மூன்றாம் நாள் மழையில், பகல் இரண்டு மணிக்கு வந்த நான்காவது மெசேஜை அனுப்பியது யார்?

"இன்னொரு பிரதி எங்கயாச்சும் இருக்கணும் டீச்சர். கேக்குறவனுக்கெல்லாம் குடுத்தவன்தானே அவன்" என்றான் ரியாஸ். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுதான் சரியான விளக்கம், நானும் அதைத்தான் நம்புகிறேன். உன் துண்டை யாரோ வாங்கிப்போய், குறிப்பையும் என் இலக்கத்தையும் அழிக்காமல் தன் தளத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தளம் வருடத்தில் எத்தனையோ நாட்கள் இருக்க அந்த ஒரு நாளில், அந்த நேரத்தில், தன் பட்டியலைத் தொலைத்திருக்க வேண்டும். அதற்கும் நிகழ்தகவு உண்டு. அது பூச்சியம் இல்லை. ஒரு கடதாசியில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் மடித்து வைத்துவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் தயாளனிடமிருந்து மெசேஜ் அனுப்பும் துண்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து திறந்து பாருங்கள். 'யாரும் கிடைக்கலன்னா அக்காவுக்கு' என்று ஒரு குறிப்பு இருக்கிறதா? இருந்தால் உங்கள் தளம் யாருக்கும் தெரியாமல் நின்றுபோயிருக்கலாம். உங்களை நம்பி யாராவது சும்மா இருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இதுவரை யாரும் எழுதவில்லை.

மற்றப்படி இங்கே செய்தி இதுதான். மண்ணுக்குள் போன நான்கு வீட்டுக்காரரும் சொந்தக்காரர் வீடுகளில் இருக்கிறார்கள், புது வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இடம் காட்டவில்லை. மழைத் தளத்தை ரியாஸ் திரும்ப எழுப்பிவிட்டான். இப்போது மழை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு திங்களும் பெரட்டு நேரத்தில் 'இருக்கிறேன்' என்று எல்லோருக்கும் ஒரு மெசேஜ் போகிறது. அது வராவிட்டால் ஜெயக்கொடி என்னைக் கூப்பிட வேண்டும். போன திங்கள் மூன்று நிமிடம் பிந்தியதற்கு என்னை நன்றாக ஏசினாள். நான் உன் துண்டுகளை வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரியாஸ் சொன்ன மாதிரி செய்யாதே என்று நீ எழுதிய இடத்தில் ரியாஸ் சொன்னதுதான் சரி. மாற்றிவிட்டோம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த மழைக்குப் பிறகு பின்னேரங்களில் அவள் கதவைத் திறப்பதில்லை. ஒருநாள், ஏனம்மா, யாரும் நிற்கிற மாதிரி இல்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இல்லடி. அன்னிக்கு உன்கூடத்தானே போனான்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போனாள்.

என் இலக்கம் உள்ள அந்த வரியை அழித்துவிடலாமா என்று ரியாஸ் கேட்டான். நான் படித்தது எல்லாம் அழி என்கிறது. நான் அழிக்க விடவில்லை. எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து அனுப்பும்படி மட்டும் மாற்றச் சொன்னேன். உன் குறிப்புக்குக் கீழே நானும் ஒன்று எழுதினேன், என் வாழ்க்கையில் நான் கோட் துண்டுக்குள் எழுதிய முதல் வரி: 'அக்கா இருக்கிறாள். இதைத் தொடாதே.'

நீ அதை அழிக்க மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா? இதற்கு மட்டுமாவது பதில் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மூன்று தடவை நீ கூப்பிட்டபோது கதவைத் திறந்தது நான் இல்லை. இனி அப்படி இருக்க மாட்டேன், தயா. எந்தத் தளம், எந்தப் பிரதி, எந்த வரி என்று தேடத்தான் செய்வேன், அது என் சுபாவம். ஆனால் அதைப் பிறகு தேடிக்கொள்கிறேன். சத்தம் கேட்டதும் முதலில் எழுந்து வந்து கதவைத் திறக்கிறேன். பனியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், மேக்கணக்கு வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாத்துவேன்.

யாரும் கிடைக்காவிட்டாலும் உனக்கு இருக்கிற,
உன் அக்கா